உஷார்! ஊர் பேரைச் சொல்லிக் கூப்பிடும் விளம்பரம்

போனைத் தொடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பூதலூர்ப் பக்கம் ஒரு விவசாயி. பிஎம் கிசான் 2,000 ரூபாய் தவணை வரவில்லையே என்று கூகுளில் தேடியிருக்கிறார். முதல் வரியிலேயே வந்து நின்றது: ‘பூதலூர் விவசாயிகளே, நின்ற தவணையை இன்றே பெறுங்கள்!’ நம்ம ஊர் பேரே இருக்கே, கவர்ன்மென்ட்டுதான் என்று நம்பித் தொட்டார். ஒரு ஏபிகே ஃபைல், அதாவது ஒரு ஆப், இறங்கியது. கேட்டதற்கெல்லாம் ‘அலோ’ கொடுத்தார். சம்பா உரத்துக்காக நகையை அடகு வைத்து வாங்கிய பணம், விடிவதற்குள் கணக்கில் இல்லை.

ஓடிபியை அவர் யாரிடமும் சொல்லவில்லை! வந்த எஸ்எம்எஸ்ஸை அந்த ஆப்பே படித்துக்கொண்டது.

ஊர் பேர் எப்படித் தெரிந்தது? நீங்கள் இருக்கும் இடத்தைப் போன்தான் காட்டிக்கொடுக்கிறது. விளம்பரம் ஒன்றுதான்; பூதலூரில் பார்த்தால் பூதலூர், திருவையாற்றில் பார்த்தால் திருவையாறு என்று தானாகவே பேர் மாறும். (சில சமயம் நம்மைத் திருச்சிக்காரர் ஆக்கிவிடும் கூத்தும் உண்டு.) ஊர் மட்டுமா? 2004-ல் வந்த ஜிமெயில், நம் கடிதத்தில் உள்ள சொற்களை மெஷினை வைத்துப் படித்தே விளம்பரம் காட்டியது. அதை நிறுத்துவதாகக் கூகுள் சொன்னது 2017-ல். தேடுவதையும் பார்ப்பதையும் வைத்து விளம்பரம் காட்டுவது இன்றும் நிற்கவில்லை.

‘பெரிய கம்பெனி, விசாரிக்காமலா போடுவான்?’ என்று மட்டும் நினைக்காதீர்கள். 2024 ஜனவரியில் ஒரு கேம் ஆப்பை சச்சின் டெண்டுல்கர் புகழ்வது போல் விளம்பர வீடியோ சுற்றியது. முகம் அவருடையது, குரலும் அவருடையது போலவே. போலி! அவரே வந்து மறுக்க வேண்டியதாயிற்று.

தேடும்போது மேலே பொடி எழுத்தில் ‘ஸ்பான்சர்டு’ என்று இருந்தால் அது காசு கொடுத்துப் பிடித்த இடம். முதலில் வந்ததாலேயே அது உண்மை ஆகிவிடாது!

அரசுத் திட்டம் என்கிறது, ஆனால் முகவரி ‘ஜிஓவி.இன்’ என்று முடியவில்லையா? வெளியே வாருங்கள்.

ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஆப் இறக்கச் சொல்கிறதா? வேண்டவே வேண்டாம்!

உதவித்தொகை ஆப்புக்கு உங்கள் எஸ்எம்எஸ் எதற்கு? ‘இன்றே கடைசி’ என்று ஏன் விரட்ட வேண்டும்? பணம் தருகிறவன் முன்பணம் கேட்பானா? கேஸ், பேங்க் கஸ்டமர் கேர் நம்பரையும் தேடி எடுக்காதீர்கள். கேஸ் புக்கிலும் ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலும் அச்சடித்தே இருக்கிறது.

வீட்டுப் பெரியவர்களின் போனை இன்றைக்கே வாங்கிப் பாருங்கள், திட்டாமல். திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள்.

பணம் போய்விட்டதா? முதலில் நெட்டை அணையுங்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பணம் கணக்கு கணக்காகக் கைமாறிவிடும். பேங்கிலிருந்து வந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள். 1930-ல் கேட்கும் பரிவர்த்தனை எண் அதில்தான் இருக்கும்.