சொல்லின் எல்லையும் கணினி உரைத்தொகுப்பிகளும்

தொல்காப்பியர் சொல்லைப் பொருளோடு பிணைத்து இலக்கணம் வகுத்தார். எழுத்து தனித்தோ தொடர்ந்தோ நின்று பொருள் தருமாயின் அது பதம் என்றார் நன்னூலார். கணினியின் உரைத்தொகுப்பியோ பொருளை அறியாது. ஓர் எல்லைக்கும் அடுத்த எல்லைக்கும் இடைப்பட்ட குறிகளின் தொடரே அதற்குச் சொல். சொற்களை எண்ணி அவ்வெண்ணிக்கையின்மீது முடிவுகளை நிறுவும் ஆய்வேடுகள் எழுதப்படும் இக்காலத்தில், அவ்வெல்லை எவ்வாறு வரையப்படுகிறது என்பதை அறிதல் இன்றியமையாதது.

எல்லை காணும் முறைகளுள் எளியது இடைவெளியை நம்புவது. இம்முறையில் ‘வந்து கொண்டிருந்தான்’ இரண்டு சொற்கள். ‘வந்துகொண்டிருந்தான்’ ஒரு சொல். இருபுறமும் இடைவெளி விட்டு இடப்பட்ட ஒரு சிறு கோடும் சொல்லாகவே எண்ணப்படும். ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடம்விட்டு எழுதும் வழக்கம் இல்லை. ஆதலால் சுவடியை உள்ளவாறே தட்டச்சிட்டால் ஒரு வரி முழுவதும் ஒரு சொல்லாகிவிடும்!

மற்றொரு முறை ஒவ்வொரு குறியின் வகையையும் நோக்குவது. 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்த யூனிகோட்டில், ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியும் என இரண்டாகப் பதியப்படுகிறது. மகரம் எழுத்து வகையைச் சார்ந்தது. உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்தைச் சார்ந்துவரும் குறிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. பைத்தன் நிரல்மொழியில் உள்ளமைந்த தேடல் கருவி, எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் உறுப்பாக ஏற்கிறது. விளைவு, ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என இரண்டாகவும், ‘மலேசியா’ என்பது ‘மல’, ‘ச’, ‘ய’ என மூன்றாகவும் சிதைகின்றன. யூனிகோட்டின் சொல்லெல்லை விதிகளோ இக்குறிகளை முன்னுள்ள எழுத்தோடு சேர்த்தே கொள்கின்றன. அவ்விதிகளைப் பின்பற்றும் தொகுப்பிகளில் இச்சிதைவு நேர்வதில்லை. எனவே குறை தமிழ்க் குறியீட்டில் இல்லை; கருவியில்தான் உள்ளது.

இவற்றினும் நுட்பமானது புணர்ச்சி. ‘தமிழ்’ என முழுச்சொல் தேடல் செய்தால், ‘தமிழ்ப் பள்ளி’, ‘தமிழ்க் கல்வி’, ‘தமிழ்ச் சங்கம்’ ஆகியவை அகப்படா. வல்லொற்று முற்சொல்லோடு ஒட்டி நிற்பதே காரணம். சொல்லடைவிலும் ‘அதை’, ‘அதைக்’, ‘அதைச்’, ‘அதைத்’, ‘அதைப்’ என ஒரே சொல் ஐந்தாகப் பெருகும். தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை; ஆதலால் இறுதியில் நிற்கும் க், ச், த், ப் ஆகியவற்றை நீக்கிவிடலாம் எனத் தோன்றும். நீக்கினால் சரவாக் ‘சரவா’ ஆகிவிடும். அடுத்த சொல் அதே வல்லினத்தில் தொடங்கினால் மட்டும் நீக்குக என விதித்தாலும், ‘சரவாக் காடுகள்’ என்னுமிடத்தில் தவறும். இத்தகைய அயற்பெயர்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டும்.

வேற்றுமை ஏற்கும்போது சொல்லின் வடிவே திரிவதும் உண்டு. ‘மரம்’ எனத் தேடுவோருக்கு ‘மரத்தை’, ‘மரத்தில்’ ஆகியவை கிட்டா. ‘மர’ என்னும் பகுதியைத் தேடினால் அவற்றோடு மரபும் மரணமும் சேர்ந்தே வரும். அவற்றை ஆய்வாளர் கையால்தான் களைய வேண்டும்.