உயரத்தை அளந்த பிறகே பிரஷர்

"சின்னப் பிள்ளைக்குமா பிரஷர்?" எம்பிலிப்பிட்டிய கடைவீதியில் கேட்டாலும் சரி, ரக்வானைப் பக்கத்துத் தோட்ட லயத்தில் கேட்டாலும் சரி, இந்தக் கேள்வி வியப்போடுதான் வரும். அது தாத்தா பாட்டிக்கு வரும் வருத்தம் என்பதே நம் எண்ணம். பிள்ளைக்குப் பிரஷர் பார்த்தாலும், வந்த எண்ணைப் பெரியவர்களின் 120க்கு 80 உடன் ஒப்பிட்டு, "ஒன்றுமில்லை" என்று நிம்மதியாகிவிடுகிறோம். ஆபத்து அந்த நிம்மதியில்தான் இருக்கிறது.

பதின்மூன்று வயதுக்குக் கீழே எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒரே எல்லை கிடையாது. வயது, ஆணா பெண்ணா, உயரம் எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தே அளவு தீர்மானிக்கப்படுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் வெளியிட்ட அட்டவணைதான் இன்று பரவலாகப் பயன்படுகிறது. எடை சரியாக உள்ள சுமார் 50,000 பிள்ளைகளின் அளவுகளிலிருந்து அது உருவானது. ஒரே வயதும் பாலும் உயரமும் கொண்ட நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றைந்து பேரின் அளவைத் தொடும் அல்லது தாண்டும் பிரஷர், மூன்று வெவ்வேறு நாட்களில் பார்த்தும் அப்படியே இருந்தால், அது உயர் இரத்த அழுத்தம். பதின்மூன்று வயதிலிருந்து கணக்கு எளிது: 120/80க்குக் கீழே நல்லது, 130/80ஐத் தொட்டால் கவனம் வேண்டும்.

உயரம் செய்யும் வித்தியாசத்தைப் பாருங்கள். பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு மேல் அளவு 112 என்று வைத்துக்கொள்வோம். அவன் 150 சென்ரிமீற்றரை நெருங்கும் உயரமானவன் என்றால் கவலையில்லை. சுமார் 130 சென்ரிமீற்றர்தான் என்றால், அதே 112 அவனுக்கு உயர் அழுத்தத்தின் வாசல்.

இது தோட்டப் பிள்ளைகளை நேராகத் தொடும் விஷயம். 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், தோட்டப்புறத்தில் 31.7 வீதம். எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகளும் அங்குதான் அதிகம். அப்படிப் பிறக்கும் பிள்ளையின் சிறுநீரகத்தில் வடிகட்டும் அலகுகள் குறைவாக இருக்கலாம். வளர்ந்தபின் அழுத்தம் ஏறும் வாய்ப்பும் கூடும். குள்ளமான, மெலிந்த பிள்ளையைப் பார்த்து, "இவனுக்கெங்கே பிரஷர்" என்று சொல்லிவிடக் கூடாது.

சிறு பிள்ளைகளின் உயர் அழுத்தத்துக்குப் பல நேரங்களில் சிறுநீரகமே காரணம். சிரங்கோ தொண்டை வலியோ வந்து சில வாரங்களில் முகம் ஊதி, சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போனால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். எம்பிலிப்பிட்டிய மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வேறு வைத்தியசாலைக்கோ உடனே கொண்டுபோக வேண்டும். வளர்ந்த பிள்ளைகளில் கூடுதல் எடையும் உப்பும் சேர்ந்துகொள்கின்றன. கருவாடு, ஊறுகாய், பக்கெற்றில் வரும் நொறுக்குத் தீனி எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது.

அளக்கும் முறையும் முக்கியம். பிள்ளை மூன்று முதல் ஐந்து நிமிடம் அமைதியாக, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட உட்கார வேண்டும். வலது கை நெஞ்சின் மட்டத்தில் இருக்க வேண்டும். கையில் சுற்றும் பட்டி சின்னதாக இருந்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். பெரிதாக இருந்தால் குறைத்துக் காட்டும். பட்டிக்குள் இருக்கும் காற்றுப் பையின் அகலம் கையின் சுற்றளவில் 40 வீதமாவது இருக்க வேண்டும். பெரியவர்களுக்கான ஒரே பட்டியை எல்லாப் பிள்ளைகளுக்கும் சுற்றினால் நம்பகமான எண் கிடைக்காது.

மூன்று வயது முதல் ஆண்டுக்கொரு முறை பிரஷர் பார்க்க வேண்டும் என்கிறது அதே அமெரிக்கக் கழகத்தின் 2017 வழிகாட்டி. நம் நாட்டில் அதற்கான பாதை ஏற்கெனவே உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது உயரமும் எடையும் எப்படியும் அளக்கிறார்கள். அதே கையோடு பிரஷரும் பார்த்து, உயரத்தோடு சேர்த்து வாசித்தால் போதும். சிறிய பட்டிகள் சிலவும் ஓர் அட்டவணையும்தான் அதற்கு வேண்டியவை. பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்; கிளினிக் போகும்போது, "பிள்ளையின் உயரத்துக்கு இது சரியா?" என்று கேளுங்கள். நம் பிள்ளைகளின் சிறுநீரகமும் இதயமும் முப்பது வயதுக்குப் பிறகு அல்ல, இப்போதே காக்கப்பட வேண்டியவை.