தாய்ப்பால் போதுமா, தடுப்பூசியும் வேண்டுமா?

ஆறு வாரக் குழந்தைக்கு ஒரே நாளில் தொடையில் ஊசி, கையில் ஊசி, வாயில் சொட்டு மருந்து என்று வரிசையாகக் கொடுப்பதைப் பார்த்தால் பெற்றோருக்கு மனம் பதறத்தான் செய்யும். "தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சளிகூடப் பிடித்ததில்லை. இவனுக்கு எதற்கு இத்தனை ஊசி?" என்று கேட்கும் தாய் அலட்சியக்காரர் அல்ல. தாய்ப்பாலைப் பற்றி மருத்துவர்களும் செவிலியர்களும் சொன்னதை முழு மனதோடு நம்பி நடந்தவர் அவர். அவரை அதட்டி அனுப்புவது தவறு. பால் எதுவரை காக்கும், எங்கே அதன் காவல் முடிகிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

பாலின் பலம்

தாய்ப்பாலின் பெருமையில் மிகையில்லை. உலகம் முழுவதும் தாய்மார்கள் போதிய அளவு பாலூட்டினால் ஆண்டுக்குச் சுமார் 8,23,000 குழந்தைகளின் உயிரைக் காக்கலாம் என்று 2016இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வுத் தொடர் கணக்கிட்டது. வயிற்றுப்போக்கில் ஏறக்குறைய பாதியையும், மூச்சுத்தொற்றுகளில் மூன்றில் ஒரு பங்கையும் பால் தடுக்க வல்லது.

இந்தக் காவல் எப்படி நடக்கிறது என்பது வியப்புக்குரியது. தாயின் குடலிலோ மூச்சுப்பாதையிலோ ஒரு கிருமி நுழைந்தால், அதை அடையாளம் கண்ட நோய் எதிர்ப்பு அணுக்கள் சில மார்பகத்துக்குச் சென்று, அந்தக் கிருமிக்கென்றே எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. தாயும் பிள்ளையும் ஒரே வீட்டுக் காற்றையும் தூசியையும் பகிர்வதால், தாய் சந்தித்த கிருமிதான் பிள்ளையையும் நெருங்கும். பாலில் உள்ள லாக்டோஃபெரின், லைசோசைம் ஆகிய புரதங்களும் ஒருவகைச் சர்க்கரைகளும் கிருமிகள் குடலில் ஒட்டி வளராமல் தடுக்கின்றன. முதல் சில நாள் சுரக்கும் சீம்பாலில் எதிர்ப்பொருள் மிக அடர்த்தி. அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ சேனையாக வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் தொடர்வது வருத்தத்துக்குரியது.

பாட்டி காலத்துப் பிள்ளைகள்

அப்படியானால் ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். புட்டிப்பாலும் பால்பொடியும் ஊருக்குள் வராத காலத்தில் பிறந்த குழந்தைகள் எல்லாம் தாய்ப்பால் குடித்துத்தான் வளர்ந்தன. ஒரு வயது, இரண்டு வயது தாண்டியும் குடித்தன. அந்தப் பிள்ளைகளைத்தான் தொண்டை அடைப்பானும் கக்குவான் இருமலும் தட்டம்மையும் கொண்டுபோயின. இளம்பிள்ளை வாதம் வந்து கால் சூம்பியவர்களும் தாய்ப்பால் குடித்தவர்களே.

1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்குள் இறந்தன. 2020இல் அந்த எண்ணிக்கை 28. இந்த மாற்றம் முழுவதையும் தடுப்பூசியின் கணக்கில் எழுத முடியாது. மருத்துவமனைப் பிரசவம், நல்ல தண்ணீர், கூடுதல் சத்துணவு எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் சில நோய்கள் மறைந்ததற்குத் தடுப்பூசிதான் முதல் காரணம். இந்தியாவின் கடைசி இயல்வகைப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்கு ஏற்பட்டது. வீட்டுக்கு வீடு, பேருந்து நிலையத்துக்குப் பேருந்து நிலையம் தேடிச் சென்று சொட்டு மருந்து கொடுத்ததால் வந்த வெற்றி அது.

பால் காக்கும் இடம் எது?

தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்பொருளில் பெரும்பகுதி ஐ.ஜி.ஏ. வகை. அது வாய், தொண்டை, குடல் ஆகியவற்றின் ஈரப்படலத்தின் மேல் படிந்து நின்று காக்கிறது. வாசலில் நிற்கும் காவலாளி என்று சொல்லலாம். குழந்தையின் ரத்தத்துக்குள் அது குறிப்பிடத்தக்க அளவில் போய்ச் சேருவதில்லை. வாசலைத் தாண்டி ரத்தத்தில் பரவும் நோய்களிடம் அதனால் அதிகம் செய்ய முடியாது. வெட்டுக்காயம் வழியாக நுழையும் ரணஜன்னிக் கிருமிக்கோ, ரத்தம் வழியே தொற்றும் மஞ்சள் காமாலை பி கிருமிக்கோ அந்த வாசல் தேவையே இல்லை.

மாடு வளர்ப்பவர்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்பக்கூடும். சீம்பால் குடிக்காத கன்று நோயில் விழுகிறதே, குடித்த கன்று தேறுகிறதே? உண்மைதான். பசுவின் நஞ்சுக்கொடி கன்றுக்கு எதிர்ப்பொருளைக் கடத்துவதில்லை. அதை ஈடுகட்ட, பிறந்த முதல் நாளில் கன்றின் குடல் சீம்பாலின் எதிர்ப்பொருளை அப்படியே ரத்தத்துக்குள் உறிஞ்சிக்கொள்கிறது. எலிகளிலும் பால் வழியே எதிர்ப்புச் சக்தி போய்ச் சேருவதை 1892இல் ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிக் கண்டறிந்தார். நஞ்சுக்குப் பழக்கப்படுத்திய தாய் எலியிடம் வேறொரு தாயின் குட்டிகளைப் பால் குடிக்க விட்டபோது, அந்தக் குட்டிகளும் நஞ்சைத் தாங்கின. ஆனால் அந்தச் சக்தி சில வாரங்களில் மங்கிப்போனது. பிறர் தந்த எதிர்ப்பு வேறு, உடல் தானே கற்ற எதிர்ப்பு வேறு என்ற பாகுபாடு அவர் ஆய்வுகளில்தான் தெளிவு பெற்றது. மனிதக் குழந்தையின் குடலோ, கன்றின் குடலைப் போல எதிர்ப்பொருளை உறிஞ்சுவதில்லை.

கருவிலேயே கிடைத்த காப்பு

மனிதக் குழந்தையின் ரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள் பிறக்கும்போதே இருக்கிறது. ஐ.ஜி.ஜி. எனப்படும் அந்த வகை, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடி வழியே வந்து சேர்கிறது. குறைமாதக் குழந்தைக்கு இது குறைவாகவே கிடைக்கும். முதல் சில மாதங்கள் குழந்தை பெரிய நோய்கள் இல்லாமல் இருப்பதில் இதற்குப் பெரும் பங்குண்டு. இதைத்தான் பல வீடுகளில் பாலின் பலன் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இந்தக் காப்பு நாளுக்கு நாள் கரைந்துவிடும். பெல்ஜியத்தில் தாய்மார்களையும் குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, ஆறு மாதம் ஆகும்போது ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் தட்டம்மைக்கு எதிரான தாயின் எதிர்ப்பொருளை இழந்துவிட்டதாகக் கண்டது. தாய்ப்பால் கொடுத்ததோ கொடுக்காததோ அந்த இழப்பின் வேகத்தை மாற்றவில்லை. நம் நாட்டில் தட்டம்மை ரூபெல்லா ஊசியின் முதல் தவணையை ஒன்பது மாதத்தில் போடுவதற்கும் இந்தக் கணக்கே காரணம். தாயின் எதிர்ப்பொருள் மிஞ்சியிருக்கும்போது போட்டால் ஊசி சரியாகப் பிடிக்காது. மிகவும் தள்ளிப்போட்டால் நோய் முந்திக்கொள்ளும்.

சமோவாவில் நடந்தது

பசிபிக் பெருங்கடலில் உள்ள சமோவா, சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் தீவு நாடு. தாய்ப்பாலூட்டுவது அங்கே பரவலான வழக்கம். 2018 ஜூலையில் அங்கே தட்டம்மை ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பு மருந்தில் கோளாறு இல்லை. அதைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதில் வேறொரு மருந்தைக் கலந்துவிட்டார்கள். ஆனால் மக்களின் நம்பிக்கை உடைந்தது, ஊசித் திட்டம் பல மாதங்கள் நின்றது, ஊசி போட்ட குழந்தைகளின் பங்கு 31 சதவீதத்துக்குச் சரிந்தது.

அடுத்த ஆண்டு தட்டம்மை வந்தது. 5,700 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். 83 பேர் இறந்தனர், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அரசு அவசரநிலை அறிவித்தது. டிசம்பரில் நாடே இரண்டு நாள் கடையடைத்து வீட்டில் இருந்தது. ஊசி போடாதவர்கள் உள்ள வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். செவிலியர்கள் அந்தத் துணியைப் பார்த்து வீடுவீடாக ஏறி ஊசி போட்டார்கள். அருகிலுள்ள டோங்காவுக்கும் ஃபிஜிக்கும் அதே காலத்தில் தட்டம்மை பரவியது. பெரும்பாலான குழந்தைகள் ஏற்கெனவே ஊசி போட்டிருந்த அந்த நாடுகளில் உயிரிழப்பு இல்லை.

தமிழ்நாட்டிலும் 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகள் பள்ளி வாசல்வரை வந்து நின்றன. சமோவாவை நினைக்கும்போது, அன்று வீட்டுக்கும் பள்ளிக்கும் நடந்து பெற்றோரிடம் பேசிப் புரியவைத்த கிராம சுகாதார செவிலியர்களை நன்றியோடு நினைக்க வேண்டியிருக்கிறது.

வேலூர் சொல்லும் பாடம்

பால் மிக வலுவாகக் காக்கும் இடம் குடல். அந்தக் குடல் நோயிலும் பால் மட்டும் போதவில்லை. வேலூரில் குறைந்த வருமானக் குடும்பங்கள் வாழும் பகுதிகளில் பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011இல் வெளியானது. 373 குழந்தைகளில் 56 சதவீதத்தினரை ஆறு மாதத்துக்குள்ளேயே வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தது. ஒருமுறை தொற்றியவர்களுக்கே திரும்பத் திரும்பத் தொற்றியது.

இந்தியாவில் உருவான ரோட்டாவேக் என்ற சொட்டு மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் சோதித்தார்கள். முதல் வயதில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை அது 56 சதவீதம் குறைத்தது. முழுக் காப்பு இல்லைதான். அதனால்தான் இந்த நோயில் சொட்டு மருந்தோடு பாலும் சுத்தமான நீரும் கைகழுவுதலும் சேர்ந்தே தேவைப்படுகின்றன.

தாய்க்குப் போடும் ஊசி

2010இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கக்குவான் இருமல் பரவி 10 கைக்குழந்தைகள் இறந்தன. பெரும்பாலானவை முதல் தவணை ஊசி போடும் வயதையே எட்டாதவை. இரண்டு ஆண்டு கழித்து பிரிட்டனிலும் அந்த நோய் பரவி, அந்த ஆண்டில் மொத்தம் 14 குழந்தைகள் இறந்தன; 2012 அக்டோபரில் அங்கே கர்ப்பிணிகளுக்குக் கக்குவான் ஊசி போடத் தொடங்கினார்கள். தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சிசுவை அடைகிறது. பிறந்த முதல் மாதங்களில் இது சுமார் 90 சதவீதம் காப்பளிப்பதாகப் பின்னர் தெரியவந்தது.

நம் ஊர்க் கர்ப்பிணிகளுக்கு அரசு போடும் டி.டி. ஊசி ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டிலிருந்தும் தாயையும் சிசுவையும் காக்கிறது. கக்குவானையும் சேர்த்துத் தடுக்கும் டி-டாப் ஊசி தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கிறது. கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள் போடுவது நல்லது. பேறுகால மருத்துவரிடம் கேட்கலாம்.

ஊசி போடும் நாளில்

குழந்தையை மடியில் கிடத்தி, பால் குடிக்கும்போதே ஊசி போடச் சொல்லலாம். அப்படிச் செய்தால் அழுகையும் வலியும் குறைவதை ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. சொட்டு மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில் ரோட்டா மருந்தின் பலன் கூடவில்லை. ஊசிக்குப் பின் அரை மணி நேரம் நிலையத்திலேயே இருக்க வேண்டும். அன்றிரவு லேசான காய்ச்சல் வந்தால் அடிக்கடி பால் கொடுத்து, செவிலியர் சொன்ன அளவில் பாரசிட்டமால் சொட்டு கொடுத்தால் போதும்.

மஞ்சள் காமாலை பி ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். பிறப்பின்போது அந்தக் கிருமி தொற்றும் குழந்தைகளில் ஏறக்குறைய 90 சதவீதத்தினருக்கு அது நாள்பட்ட ஈரல் தொற்றாகத் தங்கிவிடுகிறது. மற்ற ஊசிகளில் ஏதேனும் தவணை தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தட்டம்மை ரூபெல்லா ஊசியை ஐந்து வயது வரையிலும் அரசு நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள். தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தாலும் தயங்காமல் போகலாம், செவிலியரின் பதிவேட்டில் விவரம் இருக்கும்.