இணைப்புத் தண்டின் தகைவு: முறுக்குவிசையும் சுழல்வேகமும்

குமரி மாவட்டத்துச் சிதறாலுக்கு நம் துறையினர் செல்வது பெரும்பாலும் கல்வெட்டுக் காணவே. ஊரை அடுத்த திருச்சாரணத்து மலையில் பழைய சமணச் சிற்பங்களும், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக்குரிய வட்டெழுத்துச் சாசனமும் உள்ளன. அவை பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் மலைமேல் உள்ளதன்று; எம்மை மலையடிவரை கொண்டுசேர்த்த ஊர்தியினுள் இருந்தது.

மார்த்தாண்டத்திலிருந்து செல்லும் சாலை ஏறியும் இறங்கியும் செல்வது. சுமை மிகுந்த எம் வாடகை ஊர்தி மேடொன்றில் மேல் கியரிலேயே திணறி ஏறியபோது உடன்வந்த மாணவர் ஒருவர், "ஐயா, எஞ்சின் ராடு உடைந்துவிடும் போலிருக்கிறது" என்று அஞ்சினார். திரும்புகையில் சரிவொன்றில் ஓட்டுநர் விரைவைக் குறையாமலே கீழ்க் கியருக்கு மாற்ற, பொறி ஒரு கணம் அலறிற்று. அப்போது ஒருவரும் அஞ்சினாரில்லை. அச்சம் இடம் மாறி நின்றது என்பதே யாம் காட்ட விழைவது. அதற்கு நம் மொழியில் வழங்கும் ஒரு சொல்லும் ஓரளவு காரணமாகும்.

பட்டறையார் கனெக்டிங் ராடு என வழங்கும் இணைப்புத் தண்டு, உருளையினுள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனை, சுழலும் வணரியோடு பிணைப்பது. கிராங்கு எனப்படுவதே வணரி. வணர் என்னும் பழஞ்சொல் வளைவைக் குறிக்கும். பிஸ்டனின் நேரோட்டத்தை வணரியின் சுழற்சியாக மாற்றுவது இத்தண்டின் தொழில். முறுக்குவிசை என்ற சொல்லைக் கேட்டதும் இத்தண்டே முறுக்கப்படுவதாகக் கருதுவோர் உளர். அது பொருந்தாது. முறுக்கப்படுவது வணரித்தண்டு. இணைப்புத் தண்டு தன் நீளவாக்கில் அமுக்கப்படும், இழுக்கப்படும். பக்கவாட்டு ஆட்டத்தால் சிறிது வளையவும் செய்யும்.

அமுக்குவது யாது? எரிந்த வளியின் அழுத்தம். முறுக்குவிசை மிகவேண்டுமாயின் அவ்வழுத்தம் மிகவேண்டும். ஆதலின் முறுக்குவிசையின் உயர்வு தண்டுக்கு அமுக்கமாகவே வந்து சேர்கின்றது. இழுப்பது யாது? பிஸ்டனின் நிலைமம். மேல்நோக்கி விரையும் பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பவேண்டும். தன் போக்கில் மேலே செல்ல முயலும் அதனைத் தண்டே பற்றி இழுத்துக் கீழே கொணர்கின்றது. இவ்விழுப்பு, பிஸ்டனின் நிறை, வணரியின் ஆரம், சுழல்வேகத்தின் இருபடி ஆகிய மூன்றின் பெருக்கத்தைச் சார்ந்தது. முன்னைய இரண்டும் பொறி செய்தவரால் வரையறுக்கப்பட்டவை. மூன்றாவது மட்டும் ஓட்டுநர் கையில் உள்ளது. அதுவும் இருபடியாக வளர்வது.

தமிழகத்தார் நன்கறிந்த பொறி ஒன்றைக் கொண்டு இதனைக் கணக்கிடுவோம். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தாரும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் 1955இல் கூடி அமைத்த என்ஃபீல்டு இந்தியா, சென்னைத் திருவொற்றியூரில் உருவாக்கிய புல்லட் 350இன் உருளை விட்டம் 70 மி.மீ.; பிஸ்டனின் ஓட்ட நீளம் 90 மி.மீ.; ஆகவே வணரியின் ஆரம் 45 மி.மீ. வணரி நிமிடத்திற்கு 4,000 முறை சுழலும்போது, உச்சியில் பிஸ்டன் அடையும் முடுக்கம், தண்டின் சாய்வினால் வரும் திருத்தத்தை நீக்கிப் பார்ப்பினும், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 805 மடங்கு. 2,000 சுற்றில் அதில் நான்கிலொன்றே. சாய்வையும் சேர்த்தால் உச்சியில் ஏறத்தாழக் கால்பங்கு கூடும். உடன் ஓடும் பகுதிகளோடு பிஸ்டன் 500 கிராம் எனக் கணக்கிற்காகக் கொள்வோமாயின், 4,000 சுற்றில் தண்டின்மேல் விழும் இழுப்பு ஏறத்தாழ 500 கிலோகிராம் எடைக்கு நிகர்.

பொறியும் கியர்ப்பெட்டியும் ஒன்றாக அமைந்த பிற்கால 346 கன செ.மீ. வகையில் பெரும முறுக்குவிசை 4,000 சுற்றில் 28 நியூட்டன் மீட்டர். பெருமத் திறனோ 5,250 சுற்றில் 19.8 குதிரைத்திறன். திறன் என்பது முறுக்குவிசையும் சுழல்வேகமும் பெருகியதாதலின், 5,250இல் முறுக்குவிசை 27 நியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் குறைந்திருத்தல் வேண்டும். அஃதாவது முறுக்குவிசை சிறிது தாழ்ந்துள்ளது. நிலைம இழுப்போ நூற்றுக்கு 72 பங்கு உயர்ந்துள்ளது. மேற்கூறிய 500 கிலோகிராம் 860ஐத் தாண்டிவிடுகின்றது. இவ்விரு எண்களையும் ஒருங்கே நோக்குவார்க்குப் பிறிதொரு சான்று வேண்டா.

ஆயினும் ஒரு தடை எழலாம். எரியும் வளியின் உச்ச அழுத்தத்தைச் சதுர செ.மீட்டருக்கு 50 கிலோகிராம் எனக் கொள்ளின், 38.5 சதுர செ.மீ. பரப்புடைய பிஸ்டன்மேல் விழுவது 1,900 கிலோகிராமுக்கும் மேல். இது நிலைம இழுப்பினும் பெரிதன்றோ? பெரிதே. ஆயின் எரிப்பு நிகழும் உச்சிவேளையில் அமுக்கமும் இழுப்பும் எதிரெதிர் நிற்பதால் ஒன்று மற்றொன்றைக் குறைக்கும். வேகம் அப்போது தண்டுக்குத் துணை செய்கின்றது. நான்கடிப் பொறியில் இரு சுற்றுக்கு ஒருமுறையே எரிப்பு. புகை வெளியேறும் வீச்சின் முடிவில் வரும் மற்றை உச்சியில் எதிர்நிற்கும் அழுத்தம் இல்லை; முழு இழுப்பையும் தண்டு தனித்தே ஏற்கின்றது. சரிவில் எரிபொருளை அடைத்துவிட்டுக் கீழ்க் கியரில் இறங்கும்போது இரு உச்சிகளிலும் அத்துணை பெரிதும் இல்லாமற் போகின்றது. அந்நிலையில் சக்கரங்களே பொறியைச் சுழற்றுகின்றன. டீசல் பொறியின் வேகக்கட்டுப்படுத்தி எரிபொருளை நிறுத்துமேயன்றிச் சக்கரத்தை நிறுத்தாது. மேற்கண்ட பிஸ்டன் தவறான கியரால் 8,000 சுற்றுக்குத் தள்ளப்படுமாயின், இழுப்பு 2,000 கிலோகிராமை எட்டி எரிப்பின் அமுக்கத்தையே விஞ்சும்.

இதனால் கீழ்க் கியரில் இறங்குதல் தவறென்று கொள்ளற்க. பொறியின் வரம்புக்குட்பட்ட வேகத்தில் அவ்வாறு இறங்குதலே முறை. கியரை விடுத்துச் சரிவில் உருட்டுதல்தான் உயிருக்கு ஊறு. விரைவைக் குறைத்த பின்னரே கியரைத் தாழ்த்த வேண்டும் என்பதே ஈண்டுக் கருத்து. மேட்டில் திணறவிடுதலும் நன்றன்று; அமுக்கம் மிகும், தாங்கியில் எண்ணெய்ப் படலம் மெலியும். ஆயின் அதன் கேடு வேறு வகையினது.

உடைவின் தோற்றத்திலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். மழைவெள்ளத்தில் நின்ற ஊர்தியை இயக்க, உருளையுள் நீர் புகுந்து அமுங்க மறுப்பின் தண்டு வளையும். இஃது அமுக்கத்தால் நேர்வது. தண்டின் வெட்டுமுகம் ஆங்கில ஐ எழுத்தின் வடிவில் அமைக்கப்படுவதும், எடை ஏறாமல் இவ்வளைவைத் தடுத்தற்பொருட்டே. இழுப்போ பெரும்பாலும் மெல்ல வேலை செய்யும். 4,000 சுற்றில் நிமிடத்திற்கு 2,000 முறை அமுக்கமும் இழுப்பும் மாறிமாறி வர, எட்டரை மணிக்குள் பத்து இலட்சம் முறை நிறைவுறும். 19ஆம் நூற்றாண்டில் செருமானிய அறிஞர் வோலர் இருப்புப்பாதை அச்சுகளைக் கொண்டு ஆராய்ந்த உலோக அயர்ச்சி இதுவே. இழுப்பு, நுண்வெடிப்பின் வாயைத் திறக்கும். அமுக்கம் அதனை மூடும். பெருமுனை இரு கூறாகச் செய்யப்பட்ட தண்டுகளில் அவற்றைப் பிணைக்கும் மரையாணிகள் இவ்விழுப்பைத் தாங்குவதால், அவற்றை வரையறுத்த இறுக்கத்திற்குக் குறையாமல் முடுக்குமாறு பொறிநூலார் வற்புறுத்துவர்.

இனிச் சொல்லுக்கு வருவோம். மன அழுத்தம் என்னும் வழக்கின் செல்வாக்கால் பொறியியல் மொழிபெயர்ப்பிலும் தகைவு என வேண்டிய இடத்தில் அழுத்தம் என்று எழுதுவோர் பெருகியுள்ளனர். அதனைப் படிக்கும் மாணவர், தண்டு அழுந்துவதாலேயே உடையும் என எண்ணுதல் இயல்பு. எம் மாணவர் மேட்டில் அஞ்சிச் சரிவில் அஞ்சாமையும் இதனாலே போலும். மேலும் உருளையினுள் வளிக்கு உரியதும் அழுத்தமே. இருபொருட்கும் ஒருசொல் வைப்பின், 'அழுத்தத்தால் அழுத்தம் மிகும்' என்றெழுத நேரும். தகைதல் தடுத்தலாகும். புறவிசையை எதிர்த்து உலோகம் தன்னுள்ளே தடுத்து நிற்கும் நிலையைத் தகைவு என்றது மிகப் பொருத்தம். இழுப்புக்கும் அமுக்கத்துக்கும் அது பொதுவாய் நிற்கும். இலங்கைப் பாடநூல்கள் தகைப்பு என்கின்றன, வேர் ஒன்றே. நம் பள்ளி நூல்கள் திருப்புவிசை எனவும் பொறியியல் நூல்கள் முறுக்குவிசை எனவும் ஒரே பொருளை வழங்குதல் பற்றி எமக்கு ஐயம் உண்டு. முன்னது இத்தண்டு முறுக்கப்படுகிறது என்னும் மயக்கத்துக்கு இடந்தராது. பின்னதோ பட்டறைவரை பரவிவிட்டது. அப்பட்டறையிலேயே முறுக்குவிசை மிகுந்த வண்டியைப் புல்லிங் உள்ள வண்டி என்பர். வண்டியை இழுப்பது முறுக்குவிசைதான். தண்டை இழுப்பதை அவர்கள் ரேஸ் என்கின்றனர்.