காவலர் வீட்டுக்கு ஒரு நாள்

ஆடி பதினெட்டு அன்று சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்கள் காவிரிக்குக் கிளம்பிவிடும். பூலாம்பட்டி, மேட்டூர், குமாரபாளையம் என எந்தத் துறையைப் பார்த்தாலும் கூட்டம். அதே நாளில்தான் சங்ககிரியில் தீரன் சின்னமலைக்கு அஞ்சலி. 1805-ல் அவர் தூக்கிலிடப்பட்ட கோட்டை இங்கே இருப்பதால் அரசியல் தலைவர்களும் அமைப்புகளும் அடுத்தடுத்து வந்துகொண்டே இருப்பார்கள். ஆற்றங்கரைக்கும் காவலர் வேண்டும், கோட்டை அடிவாரத்துக்கும் வேண்டும். ஊருக்கெல்லாம் நோம்பி, காவலர் வீட்டுக்கு அது பந்தோபஸ்து நாள்.

நோம்பி இல்லாத நாளும் லேசானதல்ல. சங்ககிரி லாரித் தொழில் ஊர். சேலம்–கோவை நெடுஞ்சாலையில் நள்ளிரவில் விபத்து நடந்தால், நைட் ரவுண்ட்ஸில் இருக்கும் காவலர்தான் முதலில் ஓட வேண்டும். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, போக்குவரத்தைச் சரிசெய்து, ஸ்டேஷனுக்கு வந்து எழுத்து வேலை முடிப்பதற்குள் விடிந்துவிடும். காலையில் கோர்ட் டூட்டி இருந்தால் அப்படியே கிளம்ப வேண்டியதுதான். வீட்டில் அவருக்காக எடுத்துவைத்த இட்லி ஆறிப்போயிருக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும்.

இது ஒரு ஊரின் கதை மட்டுமல்ல. 'காமன் காஸ்' அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையமும் 2019-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியக் காவலர் ஒருவர் சராசரியாக நாளுக்கு 14 மணி நேரம் வேலை செய்கிறார். இரண்டு பேரில் ஒருவருக்கு வார ஓய்வே கிடையாது. நான்கில் மூன்று பேர், வேலைச் சுமை தங்கள் உடலையும் மனதையும் பாதிக்கிறது என்றார்கள். இதன் வேர் பழையது. காவலர் எந்நேரமும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று 1861-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம் 22-வது பிரிவில் எழுதிவைத்தது. வெள்ளைக்காரன் போய்விட்டான், அந்த நினைப்பு போகவில்லை.

தமிழ்நாட்டில் அதை அசைத்துப் பார்த்த ஆண்டு 2021. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு ஜூலை இறுதியில் அனுப்பிய சுற்றறிக்கை, காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தரச் சொன்னது. பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் விடுப்பு தர வேண்டும். ஓய்வு நாளிலும் வேலை பார்ப்பவருக்கு மிகைநேர ஊதியம் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. நவம்பரில் இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார ஓய்வு உண்டு என்று அரசாணையே வந்தது. ஆனாலும் ஓய்வு கிடைக்கவில்லை என்ற புகார், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயிருக்கிறது.

பெண் காவலரின் பாடு இன்னும் கடினம். 1973-ல் ஒரு உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள் என்று தமிழகத்தில் தொடங்கிய பெண் காவலர் படை, இன்று 35,000 பேரைத் தாண்டிவிட்டது. சங்ககிரியிலும் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. 2023 மார்ச்சில் நடந்த பொன்விழாவில் அறிவிக்கப்பட்டவற்றில் சின்னதாகத் தெரிந்த ஒன்றைத்தான் முதலில் பாராட்ட வேண்டும்: பெண் காவலர்களுக்கு ரோல் கால் காலை 7 மணியிலிருந்து 8 மணிக்கு மாறியது. ஏழு மணி ரோல் கால் என்றால் குழந்தை கண் விழிக்கும் முன்பே தாய் சீருடையோடு வாசல் தாண்ட வேண்டும். எட்டு என்றால் தலை பின்னிவிடலாம், சோறு கட்டலாம், வேன் ஏற்றிவிடலாம். அரசுக்குப் பைசா செலவில்லாத மாற்றம் இது. இதைச் செய்ய ஐம்பது ஆண்டு ஆகியிருக்க வேண்டியதில்லை.

2024 ஆகஸ்டில் இன்னொரு அறிவிப்பு வந்தது. மகப்பேறு விடுப்பு முடித்துத் திரும்பும் பெண் காவலரை, அவருடைய பெற்றோரோ கணவர் வீட்டாரோ வசிக்கும் ஊர்ப் பக்கமே மூன்று ஆண்டுகள் பணியில் வைப்பார்கள். கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு நைட் டூட்டிக்குப் போவது என்ற கேள்விக்குப் பாட்டியைத் தவிர வேறு பதில் இல்லாத வீடுகள் எத்தனையோ! அந்த வீடுகளைப் புரிந்துகொண்ட அறிவிப்பு இது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையோடு தமிழகக் காவலர்களுக்கு நடத்தப்பட்ட நிறைவாழ்வுப் பயிற்சியில் குடும்பத்தாரையும் உட்கார வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பதால் மட்டும் 14 மணி நேரம் எட்டாகிவிடாது. வேலை நேரத்தையே மாற்றிப் பார்த்தது மும்பை. 2016-ல் அங்கே தேவ்னார் காவல் நிலையத்தில் எட்டு மணி நேர ஷிப்ட் சோதனையாகத் தொடங்கியது. அந்த யோசனையைக் கமிஷனரிடம் கொண்டுபோனவர் ஒரு சாதாரணக் காவலர்.

சங்ககிரி மாதிரியான உட்கோட்டங்களில் ஷிப்ட் முறை வர ஆள் பலம் கூட வேண்டும். அதற்குக் காலம் ஆகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. எந்த நாள் ஓய்வு என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் பிள்ளையிடம் வாக்குக் கொடுக்க முடியும், அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போக முடியும். காலையில் தெரிந்து மாலையில் ரத்தாகும் ஓய்வு, தூங்கித் தீர்ப்பதற்கு மட்டுமே உதவும். எனவே, ஓய்வு நாள் பட்டியலை ஒரு வாரம் முன்பே ஸ்டேஷன் பலகையில் ஒட்ட வேண்டும். பந்தோபஸ்துக்காக ஓய்வு ரத்தானால், மாற்று நாளை எழுத்தில் கொடுக்க வேண்டும். இதற்குப் புதிய அரசாணை எதுவும் தேவையில்லை. 2021-ல் போட்டதை நடத்திக் காட்டினால் போதும்.