உங்கள் உடல்நலம் உங்களுக்கு மட்டும் உரியதா?

ஜும்ஆ தொழுதுவிட்டு வெளியே வருகிறீர்கள். ஒருவர் உங்கள் கையைப் பற்றி, "சுகமா?" என்று கேட்கிறார். "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம்" என்கிறீர்கள். நீங்கள் கேட்க, அவரும் அதையே சொல்கிறார். இருவரும் விடைபெறுகிறீர்கள். அன்பு வாசகர்களே, இந்தப் பதிலை நாம் எத்தனை முறை உண்மை அறிந்து சொல்லியிருக்கிறோம்?

நான் நான்கு மாதங்கள் இந்தப் பதிலைப் பொய்யாகவே சொல்லி வந்தவன். இரத்தப் பரிசோதனைச் சீட்டில், வெறும் வயிற்றில் சர்க்கரை 168 என்று அச்சாகியிருந்தது. வீட்டில் மகளின் திருமணப் பேச்சு நடந்து கொண்டிருந்த நேரம். இதைச் சொல்லி எல்லாரையும் ஏன் கலங்க வைக்க வேண்டும் என்று எண்ணிச் சீட்டை மடித்துக் கடைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். குடும்பத்துக்காகச் செய்யும் தியாகம் என்றே அது அப்போது எனக்குத் தோன்றியது.

ஐவர் ஆடிய ஆட்டம்

இளமையில் நாங்கள் ஐந்து நண்பர்கள் பூப்பந்து ஆடுவோம். தஞ்சை மண்ணில் தோன்றியதாகச் சொல்லப்படும் விளையாட்டு அது. அணிக்கு ஐவர், மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து, 24 மீட்டர் நீளமுள்ள ஆடுகளம். அஸர் தொழுதுவிட்டுக் குளத்தங்கரைத் திடலில் இறங்கினால் மஃரிபு பாங்கு கேட்கும் வரை ஓயமாட்டோம். ஒருவர் சற்றே சோர்ந்து நின்றாலும் மற்ற நால்வருக்கும் தெரிந்துவிடும். "என்ன மச்சான், இன்று கால் எழவில்லையே?" என்று கேட்பார்கள். அங்கே எதையும் மறைக்க முடியாது.

பிறகு கடை, திருமணம், பிள்ளைகள். இருவர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். மட்டைகள் பரணில் ஏறின. கலியாணப் பந்தியிலும் மையித்து வீட்டிலும் மட்டுமே சந்திப்பது என்றாகிவிட்டது.

அந்த ஐவரில் ஒருவர் பல ஆண்டுகள் வெளிநாட்டில் உழைத்து ஊர் திரும்பியவர். தமக்குச் சர்க்கரை நோய் இருப்பது அவருக்குத் தெரியும், வீட்டாருக்குத் தெரியாது. ஒரு நாள் செருப்புக்குள் கிடந்த சிறு கல் காலில் புண்ணை உண்டாக்கியது. நீண்ட நாள் சர்க்கரையால் பாதத்தின் உணர்வு மங்கியிருந்ததால் வலிக்கவில்லை. வலிக்காததால் அவர் பார்க்கவும் இல்லை. படுக்கை விரிப்பில் கறையைக் கண்டு மனைவி கேட்டபோது காலம் கடந்திருந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

மருத்துவமனைக்கு நான் பார்க்கச் சென்றிருந்தேன். அவருடைய இளைய மகள் கட்டிலருகே நின்று, "வாப்பா, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தினமும் நானே உங்கள் காலைப் பார்த்திருப்பேனே" என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக் கொண்டார். அந்தச் சொல் எனக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டதாகவே இருந்தது.

அன்றிரவு கணக்குப் புத்தகத்திலிருந்த சீட்டை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தேன்.

"யார் கேட்டீர்கள்?"

"நான்கு மாதமா?" என்று மட்டும் அவள் கேட்டாள். சில நாட்களில் இருவரும் பரிசோதனை நிலையத்துக்குச் சென்றோம். "வந்ததுதான் வந்தோம், நீயும் பார்த்துவிடு" என்று நான் பேச்சுக்குச் சொன்னேன். அவளுடைய அளவு என்னுடையதைவிடக் கூடுதலாக இருந்தது! ஓராண்டாகவே களைப்பாம்; தாகமாம்; இரவில் பலமுறை எழுந்து போகிறாளாம். "ஏன் சொல்லவில்லை?" என்றேன். "யார் கேட்டீர்கள்?" என்றாள்.

என் நோயை மறைத்தேனே என்று வருந்திக் கொண்டிருந்த நான், அவளுடைய நோய் என் கண்முன் இருந்தும் அதைக் காணவே இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். சகோதரர்களே, உங்கள் உம்மாவுக்கு, மனைவிக்கு, லாத்தாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா?

அறிந்திருக்க வேண்டியவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் விளிம்பில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ம் அதற்கு மேலும் இருந்து, மறு பரிசோதனையிலும் உறுதியானால் நீரிழிவு.

எச்சரிக்கை நிலையில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவைத் திருத்தி நடையை மேற்கொண்டவர்களிடையே நோய் வருவது ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்திருந்தது. உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக் கொள்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் உடலை இயக்கச் சொல்கிறது. நாளுக்கு அரைமணி நேரமாக ஐந்து நாட்கள், அவ்வளவுதான்!

தனியாக நடப்பவருக்கு ஒரு நாள் மழை, மறுநாள் விருந்தாளி, அதற்கடுத்த நாள் சோம்பல். தெருமுனையில் நண்பர் காத்திருக்கிறார் என்றால் கால் தானாகவே செருப்பைத் தேடும். சுபுஹு தொழுதபின் நாங்கள் நால்வர் இப்போது நடக்கிறோம். ஐந்தாமவர் புண் ஆறியபின், மருத்துவர் சொன்ன மிதியடியுடன் பாதி வழிவரை வருகிறார். பல ஆண்டுகளாக ஆடாதவர்கள் எடுத்த எடுப்பில் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மருத்துவரைக் கண்டு, நடையில் தொடங்குங்கள்.

ஆண்களுக்குத் தெரு இருக்கிறது, திடல் இருக்கிறது. பெண்களுக்கு? என் மனைவியும் அடுத்த வீட்டு மாமியும் மாலையில் மொட்டை மாடியில் நடக்கிறார்கள். அந்த அரைமணி நேரம் அடுப்பை மகள் பார்த்துக் கொள்கிறாள். சில நாட்களில் நானும்தான்! வாய்ப்பை வீட்டார் உண்டாக்கித் தராமல் "நீ நடக்க வேண்டும்" என்று உபதேசம் மட்டும் செய்வதில் பயனில்லை.

உணவிலும் அப்படியே. ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அவர் சொந்த வீட்டிலேயே தனித்துப் போகிறார். சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவது பிள்ளைகளுக்கும் நல்லதே. பிரியாணியும் வட்டிலப்பமும் என்றோ ஒரு நாள், அளவோடு இருக்கட்டும். சர்க்கரை நோயாளிகள் ரமலானுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு வைக்கலாமா, மருந்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுக் கொள்ளுங்கள். நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வாசகர்களே, உங்களுக்கு நோய் வந்தால் படுக்கையருகே கண் விழிப்பவர்கள் உங்கள் வீட்டார்தாம். இரத்தம் கொடுக்க ஓடி வருபவர்கள் உங்கள் நண்பர்கள்தாம். துன்பத்தில் பங்கு பெறப் போகிறவர்களுக்கு அதைத் தடுப்பதிலும் பங்கு கொடுக்க வேண்டாமா? இன்று இரவு உணவுக்குப் பின் ஒருவரையொருவர் "சுகமா?" என்று கேளுங்கள். உண்மையான பதில் வரும் வரை எழுந்து விடாதீர்கள்.