மூட்டுக் குருத்தெலும்பு

மூட்டுக் குருத்தெலும்பு என்பது அசையும் மூட்டுகளில் எலும்புகளின் முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான, வெண்ணிறமான, மீள்தன்மை கொண்ட இணைப்புத் திசு ஆகும். இது பளிங்குக் குருத்தெலும்பு வகையைச் சேர்ந்தது. எலும்போடு எலும்பு உராயாமல் காப்பதும், மூட்டின்மேல் விழும் சுமையைப் பரவலாக்கி அடியிலுள்ள எலும்புக்குக் கடத்துவதும் இதன் முதன்மைப் பணிகளாகும். இத்திசுவில் இரத்தக் குழாய்களோ, நரம்புகளோ, நிணநீர்க் குழாய்களோ இல்லை. ஆகையால் இதில் ஏற்படும் சேதம் தொடக்கத்தில் வலியாக உணரப்படுவதில்லை. உணரப்படும்போது தானாக ஆறுவதும் அரிது.

அமைப்பு

வளர்ந்தவர்களின் பெரிய மூட்டுகளில் இதன் தடிப்பு பெரும்பாலும் 2 முதல் 4 மி.மீ. வரை இருக்கும். முழங்கால் சில்லின் பின்புறத்தில் இது மேலும் தடிப்பாகக் காணப்படுகின்றது. இதன் எடையில் ஏறத்தாழ 65 முதல் 80 விழுக்காடு நீராகும். எஞ்சிய பகுதியின் பெரும்பங்கு இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகளும், அக்ரிகேன் என்னும் புரோட்டியோகிளைக்கன் மூலக்கூறுகளும் ஆகும். இவற்றை உருவாக்கிப் பேணும் குருத்தெலும்பு உயிரணுக்கள் மொத்தக் கனவளவில் மிகச் சிறு பங்கே.

கொலாஜன் இழைகள் மேற்பரப்பில் பரப்புக்கு இணையாகவும், நடுப்பகுதியில் பல திசைகளிலும், ஆழத்தில் பரப்புக்குச் செங்குத்தாகவும் அமைந்துள்ளன. மேலடுக்கு உராய்வினால் ஏற்படும் இழுவிசையைத் தாங்குகின்றது. அடியடுக்கு சுண்ணமேறிய மெல்லிய படலத்தின் வழியே எலும்புடன் பிணைக்கின்றது.

இயக்கவியல்

அக்ரிகேன் மூலக்கூறுகள் எதிர் மின்னூட்டம் கொண்டவை. இம்மின்னூட்டம் சோடியம் அயனிகளை ஈர்க்க, அவற்றைத் தொடர்ந்து நீரும் திசுவினுள் புகுகின்றது. இவ்வாறு வீங்க முனையும் திசுவைக் கொலாஜன் வலை இறுக்கிப் பிடித்து வைக்கின்றது. மிதிவண்டிச் சக்கரத்தின் உட்குழாயில் அடைபட்ட காற்றையும் அதனைக் கட்டுப்படுத்தும் வெளியுறையையும் இதற்கு ஓரளவு ஒப்பிடலாம்.

மூட்டின்மேல் சுமை விழும்போது, நுண்ணிய துளைகளின் வழியே நீர் விரைந்து வெளியேற இயலாது. எனவே முதற்கணத்தில் சுமையின் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதியை அடைபட்ட நீரே தாங்குகின்றது; திண்மப் பகுதி பெரிதும் காக்கப்படுகின்றது. சுமை நீடித்தால் நீர் மெல்ல வெளியேறித் திசு தட்டையாகும். சுமை நீங்கியதும் நீரை மீண்டும் உறிஞ்சிப் பழைய நிலையை அடையும். இந்நடத்தையை விளக்கும் இருநிலைக் கோட்பாட்டை வான் மௌவும் அவரது குழுவினரும் 1980 இல் வெளியிட்டனர்.

இந்த நீரோட்டம் உணவூட்டத்துக்கும் உதவுகின்றது. மூட்டு நீர்மத்திலிருந்தே உயிரணுக்கள் உணவையும் உயிர்வளியையும் பெறுகின்றன. இதனால் நெடுநாள் அசைக்கப்படாத மூட்டில் குருத்தெலும்பு மெலிகின்றது. மூட்டு நீர்மத்திலுள்ள லூப்ரிசின், ஹயலூரோனிக் அமிலம் ஆகியவை உராய்வைக் குறைக்கின்றன.

சேதம்

அடிபடுதல், இணைப்பு நாண் அறுதல், முழங்காலின் பிறைவடிவக் குருத்தெலும்பை இழத்தல், மூட்டின் கோணல், உடற்பருமன், முதுமை, மரபு முதலியன சேதத்துக்குக் காரணமாகின்றன. முதலில் மேற்பரப்பின் கொலாஜன் வலை தளர்கின்றது. கட்டுப்பாடு குறைவதால் திசு கூடுதல் நீரை ஏற்று மென்மையாகின்றது. அக்ரிகேனும் சிதைந்து வெளியேறுவதால் நீரின் அழுத்தம் குறைந்து, சுமை திண்மப் பகுதிமேல் நேரடியாக விழுகின்றது. பின்னர் வெடிப்புகள் தோன்றி, இறுதியில் எலும்பு வெளிப்படுகின்றது. இந்நிலைகளை அவுட்டர்பிரிட்ஜ் 1961 இல் நான்கு படிகளாக வகைப்படுத்தினார்.

மூட்டுத் தேய்வு நோயில் உணரப்படும் வலி, குருத்தெலும்பிலிருந்து அல்லாமல் அடியிலுள்ள எலும்பு, மூட்டுறை முதலிய நரம்புள்ள பகுதிகளிலிருந்து எழுகின்றது. சாதாரண எக்சு-கதிர்ப் படத்தில் குருத்தெலும்பு தெரிவதில்லை. எலும்புகளுக்கிடையேயான இடைவெளி குறைவதைக் கொண்டே தேய்வு ஊகிக்கப்படுகின்றது. காந்த ஒத்ததிர்வுப் படத்தில் இதனை நேரடியாகக் காணலாம்.

ஆறாமைக்கான காரணம்

குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீள்வதில்லை என்பதை வில்லியம் ஹண்டர் 1743 இலேயே குறிப்பிட்டார். இரத்த ஓட்டம் இல்லாமையால் காயத்தில் இரத்தக் கட்டியோ, ஆற்றும் உயிரணுக்களோ சேர்வதில்லை. அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் பெருகிய கார்பன்-14 ஐ அளவிட்டு 2016 இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, வளர்ந்தவர்களின் குருத்தெலும்பில் கொலாஜன் பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவதில்லை எனக் காட்டியது. அதாவது, இளமையில் உருவான இழைகளே வாழ்நாள் முழுவதும் உழைக்கின்றன.

சீரமைப்பு முறைகள்

நுண்துளையிடல்: அடியெலும்பில் சிறு துளைகளிட்டு, எலும்பு மச்சையிலுள்ள உயிரணுக்களைக் காயத்துக்குள் வரச் செய்தல். இதில் உருவாவது பெரும்பாலும் நார்க் குருத்தெலும்பு. இது வலிமை குறைந்தது, சில ஆண்டுகளில் நலிவடையக் கூடியது.

ஒட்டுப்பதியம்: சுமை குறைந்த இடத்திலிருந்து எலும்புடன் கூடிய சிறு உருளைகளை எடுத்துப் பதித்தல். எடுத்த இடத்திலும் காயம் ஏற்படுவதால் சிறிய குறைகளுக்கே இது ஏற்றது.

உயிரணுப் பதியம்: நோயாளியின் குருத்தெலும்பு உயிரணுக்களை ஆய்வகத்தில் பெருக்கிப் பதித்தல். சுவீடன் மருத்துவர்கள் 23 நோயாளிகளில் கண்ட முடிவுகளை 1994 இல் வெளியிட்டனர். கொலாஜன் படலத்தில் உயிரணுக்களை ஏற்றிப் பதிக்கும் முறைக்கு அமெரிக்காவில் 2016 இல் ஒப்புதல் கிடைத்தது.

இம்முறைகள் யாவும் வரையறுக்கப்பட்ட காயங்களுக்கே பொருந்தும். மூட்டு முழுவதும் தேய்ந்த நிலையில், கோணலைத் திருத்தும் எலும்பு அறுவையோ, மூட்டு மாற்று அறுவையோ மேற்கொள்ளப்படுகின்றது.

மருந்தும் காப்பும்

தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்ப்பதாக உறுதி செய்யப்பட்டு ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இல்லை. பரவலாக விற்கப்படும் குளுக்கோசமைன், கொன்ட்ராய்ட்டின் ஆகியவற்றை 1,583 நோயாளிகளில் சோதித்து 2006 இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், மொத்த நோயாளிகளில் அவை வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் வலியைக் குறைக்கவில்லை.

உடல் எடையைக் குறைத்தல், தொடைத் தசைகளை வலுப்படுத்தல், மிதமான நடைப்பயிற்சி ஆகியவை வலியைக் குறைத்து மூட்டின் செயற்பாட்டைக் காக்கின்றன. எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாக 2005 இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. மூட்டு தேய்ந்துவிடும் என்றஞ்சி அசையாதிருப்பது குருத்தெலும்புக்கு நன்மை தருவதன்று.